முபீத் நானாவுக்கு, கடை மூடுகிற நேரத்தில்

பிழையாய் விழுந்த போட்டோக்கொப்பித் தாள்கள்
அந்தப் பெட்டியில் இருக்கின்றன. பின்பக்கம் வெறுமை.
எடுங்கள், காசில்லை.
நல்ல கொப்பி இப்போதைக்கு வாங்க வேண்டாம்.
நல்ல தாளுக்கு முன்னால் கை நடுங்கும்.

நாற்பத்தாறு வயசு என்று
இரண்டு தரம் சொல்லிவிட்டீர்கள்.
பென்சிலுக்கு அது தெரியாது.

முதலில் ஒரு வட்டம்.
வட்டம் வராது, பணிஸ்தான் வரும்,
அது உங்களுக்குப் பழக்கமான உருவம்தானே, வரட்டும்.
மேலிருந்து கீழே ஒரு கோடு.
குறுக்கே ஒன்று, பாதிக்கும் கொஞ்சம் கீழே.
கண் அங்கேதான்.
எல்லோரும் முதலில் நெற்றியில் போய்க் கண்ணை வைக்கிறோம்,
மூளைக்கு இடமில்லாத பிள்ளைகள் பிறக்கிறார்கள்.
என் சீஆர் கொப்பி நிறைய அவர்கள்தான்.

அனிமேக் கண் பெரிதுதான்.
ஆனால் பெரிதாகப் போட்டதெல்லாம் பார்க்காது.
மேல் இமை தடிப்பாக,
கீழ் இமை இருந்தும் இல்லாத மாதிரி.
கருவிழியில் விடுகிற வெள்ளைப் பொட்டு
அழகுக்கு இல்லை, நானா.
அவள் நிற்கிற இடத்தில் வெளிச்சம் எங்கே என்று
அது சொல்ல வேண்டும்.
நீங்கள் ஒரு கண்ணில் இடப்பக்கம்,
மற்றதில் வலப்பக்கம் விட்டிருக்கிறீர்கள்.
இரண்டு சூரியன்.
கல்முனைக்கு ஒன்று போதாதா?

தலைமுடியை
ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டிருக்காதீர்கள், விடிந்துவிடும்.
சந்தையில் கங்குன் கட்டு பார்த்திருப்பீர்கள்:
அடியில் இறுக்கம், நுனியில் அவிழ்வு.
ஐந்தாறு கட்டு போதும் ஒரு தலைக்கு.
மறுகா காற்றைக் கேளுங்கள்.
கச்சானா, வாடையா?
கச்சான் என்றால் முடியெல்லாம் கடலைப் பார்த்துப் பறக்கும்.
பாவாடை ஒரு பக்கம், முடி இன்னொரு பக்கம் என்றால்
அது காற்றில்லை, சண்டை.

முடிந்ததும் தாளைத் திருப்பி
உங்கள் ஓட்டோவின் முன்விளக்குக்கு நேரே பிடியுங்கள்.
காணிப் படிவத்தின் எழுத்துகளுக்குள்ளே
அவள் முகம் தெரியும், இடம் வலமாக.
ஒரு கண் தாடைக்கு இறங்கிப் போவது அப்போதுதான் தெரியும்.
முதல் நாள் அப்படிப் பார்த்துவிட்டு
நான் சோறு தின்னவில்லை.
இப்போது பழகிவிட்டது,
அதாவது
தின்றுவிட்டுத்தான் பார்க்கிறேன்.

கை எனக்கும் வராது.
என்னுடைய ஆட்கள் எல்லோரும்
கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டோ
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டோதான் நிற்பார்கள்,
பொலிஸ் பிடித்த மாதிரி.
அது பழக்கமானால் திரும்ப வெளியே வராது,
நீங்கள் ஒளிக்காதீர்கள்.
பாண் எடுத்துக் கொடுக்கிற கையை, உங்கள் கையையே
பார்த்து வரையுங்கள்.
விரல் ஆறானால் ஒன்றை அழியுங்கள்.

ஏன் பழகுகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.
சில்லறை எண்ணிக்கொண்டே நீங்களாகத்தான் சொன்னீர்கள்:
கணிதத்துக்கு முப்பத்தொன்று வந்த அன்று
நப்லாவின் கொப்பியைக் கிழித்ததை.
நாலு மாதமாக
அவள் ஒரு கோடும் போடவில்லை என்பதை.
சொல்லிவிட்டு
எண்ணியதை மறந்து முதலிலிருந்து எண்ணினீர்கள்.

அப்படியென்றால் ஒன்று சொல்லட்டுமா,
இதுவரை சொன்னதில் பாதியை விடுங்கள்.
அந்த இரண்டு சூரியனையும் திருத்த வேண்டாம்.
மேசையில் அவள் கண்ணில் படுகிற மாதிரி,
பக்கத்தில் அழிறப்பரோடு,
சும்மா வைத்துவிட்டு
வண்டியை எடுத்துக்கொண்டு போங்கள்.
அவளால் பொறுக்க ஏலாது.
என்னாலேயே ஏலவில்லை, பாருங்கள்,
பேசிக்கொண்டே இடது கண்ணை அழிக்கப் போனேன்.

சரி, ஷட்டரை இழுக்கிறேன்.
குனிந்து வாருங்கள், தலை இடிக்கும்.
மீன் பணிஸ் ஒன்றாவது மிச்சம் இருக்கிறதா,
இல்லை எல்லாம் மருதமுனையிலேயே முடிந்துவிட்டதா?